சீம் மாமா நாள் குறிக்கிறார்

மாரிபோ, டென்மார்க்
செப்டம்பர் 3, 1978

அன்புள்ள சீம் மாமாவுக்கு,

ஹெஸ்டர் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஹில்லெகோமில் அதே சந்து வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அந்த நம்பிக்கையில் இதைத் தபாலில் போடுகிறேன்.

நான் நம்பிக் கிளம்பிய யென்ஸ் என்னை டென்மார்க்குக்குக் கூட்டி வந்ததும், பிறகு அவன் மட்டும் கிரீன்லாந்துக்குக் கப்பலேறியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மா ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள். "கொஞ்ச நாள்ல பெட்டியத் தூக்கிட்டு வந்து நிப்பே பாரு" என்று போனில் சொன்னாள். நான் போகவில்லை. இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் தோட்டக்காரி வேலை கிடைத்திருக்கிறது. தங்க ஓர் அறையும் உண்டு. ஆனால் வசந்தம் வரைக்கும் பரீட்சைதான். வாசலுக்கு எதிரே உள்ள பெரிய பாத்தியில் மே மாதம் பூ நிற்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நிர்வாகக் குழு என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்யும். வேலை போனால் அறையும் போகும். அப்புறம் அம்மா வீட்டு வாசல்தான்.

இந்த வேலையை எனக்குக் கொடுத்ததே நான் ஹாலந்துக்காரி என்பதால். இல்லத்தை நடத்தும் எல்லெகோர் அம்மா என் கடவுச்சீட்டைப் பார்த்ததும், "அப்ப கிழங்கு விஷயமெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். உட்ரெக்ட்டில் நாலாவது மாடியில் வளர்ந்தவள் என்று அப்போது சொல்லத் தோன்றவில்லை. இனிமேல் சொல்லவும் முடியாது.

துலிப் கிழங்கும் நார்சிஸ் கிழங்கும் சாக்குச் சாக்காக வந்து இறங்கியிருக்கின்றன. எப்போது நட வேண்டும்? ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் மருமகள்
ஹெஸ்டர்


ஹில்லெகோம்
செப்டம்பர் 11, 1978

அன்பு மருமகள் ஹெஸ்டருக்கு,

உன் தாய்மாமன் சீம் வார்மர்டாம் எழுதுவது. முழங்காலை விசாரித்தாயே, அது முழங்கால் இல்லை, வானிலை நிலையம். மழை வருவதற்கு முன்தினமே எனக்குச் சொல்லிவிடும். சந்தில் இருக்கிறவர்கள் துணி காயப்போடுவதற்கு முன்னால் என் ஜன்னலைத் தட்டி, "சீம், கால் என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடியைக் கட்டுகிறார்கள். மற்றபடி உடம்பு இரும்பு.

ஒரு வரி போதுமாம்! கிழங்கைப் பற்றி என்னிடம் ஒரு வரி கேட்பது கடலிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பது மாதிரி. இந்த நாட்டை விட்டுப் போன துலிப் கிழங்குகளில் பாதி என்னைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. ஒருமுறை ஹாம்பர்க்கிலிருந்து தொப்பியில் இறகு செருகிய ஒரு பெரிய முதலாளி வந்து, இரண்டு சாக்கை என் முன்னால் வைத்து, எது சிவப்பு, எது மஞ்சள் என்று கேட்டார். நான் சாக்கை அவிழ்க்கவே இல்லை. மோந்து பார்த்துச் சொன்னேன். அந்த மனுஷர் அங்கேயே கண் கலங்கிவிட்டார். ஹையசிந்த் கிழங்கைத் தொட்டால் ஊரில் எல்லோருக்கும் கை அரிக்கும். என்னைத் தொட்டால் ஹையசிந்துக்கு அரிக்கும்.

ஆகவே கேள். இன்றே நடு. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு மண்வெட்டியை எடு. டென்மார்க் வடக்கே இருக்கிறது. அக்டோபர் பிறந்தால் அங்கே கடலே உறைந்து, ஜனங்கள் ஸ்வீடனுக்கு நடந்து போய்க் காய்கறி வாங்கி வருவார்கள் என்று கேள்வி. அதற்குள் கிழங்கு மண்ணுக்குள் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட வேண்டும்.

சும்மா ஒரு உறுதிக்கு, பின்பக்கத்து வயல்காரி திருமதி வான் டெர் ஃபோர்ட்டிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம் என்றிருக்கிறேன். புருஷன் போனதிலிருந்து அந்த அம்மா தனியாகத்தான் கிழங்குப் பயிர் பண்ணுகிறார். நான் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் அக்கம்பக்கத்தில் கேட்பது ஒரு மரியாதை.

நன்றாகச் சாப்பிடு. டென்மார்க் பன்றிக்கறி நல்லது என்று சொல்கிறார்கள்.

உன் தாய்மாமன்
சீம்


ஹில்லெகோம்
அக்டோபர் 2, 1978

அன்பு மருமகளுக்கு,

நீ சுகமா, முதுகு சுகமா? நட்டுவிட்டாயா? நட்டிருந்தால் உடனே தோண்டி எடு. நடவில்லை என்றால் நடாதே.

பதறாதே. போன கடிதத்தில் 'இன்றே' என்று எழுதினேன் அல்லவா, அது நீ மாமன் சொல் கேட்கிற பிள்ளைதானா என்று பார்க்கத்தான். இப்போது உண்மையான பாடம் தொடங்குகிறது.

திருமதி வான் டெர் ஃபோர்ட்டின் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை போனேன். திங்கள்கிழமை துணி துவைக்கிற நாள், போகக்கூடாது. மரச்செருப்பைப் பின்வாசலில் விட்டுவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். நம் ஊர் உபசாரம் உனக்குத் தெரியுமே. ஒரு காபி, ஒரு பிஸ்கட், உடனே டப்பாவை மூடி அலமாரிக்குள். அதற்குப் பிறகும் நாற்காலியில் இருப்பவன் நாகரிகம் தெரியாதவன். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செப்டம்பர்லயா நடச் சொன்னீங்க? மண்ணு இன்னும் சூடா இருக்கே. இப்ப துலிப்பப் போட்டா நெருப்பு நோய் வந்து இலையெல்லாம் பொசுங்கிப் போயிடும். இது கூடவா தெரியாது?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் டப்பாவை மூடப் போன கை கொஞ்சம் நின்றது. நான் கவனித்தேன். இந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

நார்சிஸ் விஷயம் வேறு என்று ஏதோ விளக்கினார். அதுவும் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் என்பதால் முழுசாகக் காதில் வாங்கவில்லை. அவர் வீட்டு அடுப்பங்கரை ஜன்னலிலிருந்து வயல் முழுவதும் தெரிகிறது. அழகான ஜன்னல்.

துலிப்புக்குச் சரியான நாள் எது என்கிறாயா? அது மண்ணைப் பொறுத்தது. உன் ஊர் மண் மணலா, களியா? எழுது. நான் போய்க் கேட்டு, அதாவது போய்ச் சரிபார்த்து, எழுதுகிறேன்.

சீம் மாமா


மாரிபோ
அக்டோபர் 14, 1978

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முதுகு நலமில்லை. முதல் கடிதம் வந்ததும் எல்லாவற்றையும் நட்டேன். இரண்டாவது வந்ததும் எல்லாவற்றையும் தோண்டினேன்.

முன்பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தார்கள். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஸ்கோவ் என்ற கிழவர் ஜன்னலைத் திறந்து, "ஏம்மா, எதையாவது தொலச்சிட்டியா?" என்று கேட்டார். மதியச் சாப்பாட்டின்போது எல்லெகோர் அம்மாவும் கேட்டார். எங்கள் ஊரில் முதலில் ஒருமுறை ஒத்திகை பார்ப்பது வழக்கம் என்று சொல்லிவிட்டேன். என்னால் எப்படி அப்படிச் சொல்ல முடிந்தது என்று தெரியவில்லை. அவர் தலையாட்டினார். அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

தோண்டும்போது துலிப்பும் நார்சிஸும் கலந்துவிட்டன. இரண்டும் வெங்காயம் மாதிரிதான் இருக்கின்றன. மண் களிமண். பூட்ஸோடு காலைத் தூக்கினால் கால் மட்டும்தான் வெளியே வருகிறது.

இங்கே யாரிடமும் கேட்க முடியாது மாமா. கேட்டால் அந்த நிமிஷமே எனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்துவிடும். எனக்கு இருப்பது நீங்கள் மட்டும்தான். ஆனால் அம்மா போனில், "அவனா? அவன் கிழங்கு லாரி ஓட்டினவன், ஒரு கிழங்கு நட்டதில்ல" என்கிறாள். நான் அவளை நம்பவில்லை. தயவுசெய்து நாளை மட்டும் எழுதுங்கள்.

ஹெஸ்டர்


ஹில்லெகோம்
அக்டோபர் 27, 1978

அன்பு மருமகளுக்கு,

உன் முதுகுக்குக் கற்பூரத் தைலம் தேய். எனக்குக் காற்றுக் காலத்து இருமல் மட்டும், வேறொன்றும் இல்லை.

உன் அம்மா ரீகா சின்ன வயதிலிருந்தே என் புகழைக் கண்டால் தாங்கமாட்டாள். லாரி ஓட்டினேன், ஆமாம். எந்த லாரி? கிழங்கு லாரி. ஒரு கிழங்கு தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பயணம் போகிறது. அந்தப் பயணத்தில் கூட இருந்தவன் நான். நட்டவனுக்குக் கிழங்கின் தலை தெரியும், அடி தெரியும். மனசு தெரியுமா?

களிமண் என்று எழுதினாயே, அதைச் சொல்லத்தான் செவ்வாய்க்கிழமை போனேன். அலீடா அம்மா (திருமதி வான் டெர் ஃபோர்ட்டைத்தான் சொல்கிறேன், அவரே அப்படிக் கூப்பிடச் சொன்னார்) வயலில் தனியாக வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். காற்று ஒரு பக்கம் பரப்பியதை மறுபக்கம் கொண்டு போனது. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன். சாயங்காலத்துக்குள் முழு வயலையும் மூடிவிட்டேன். சரி, மூடிவிட்டோம். பிறகு பட்டாணி சூப் கொடுத்தார். கரண்டியை நட்டால் நிற்கிற சூப். காபிக்கு இரண்டாவது பிஸ்கட்டும் வந்தது. நான் கேட்கவில்லை, அவராகவே நீட்டினார்.

யாரும் திரைச்சீலை போடாத சந்து என்பதால் சங்கதி பரவிவிட்டது. காய்கறிக் கடைக்கார ஆரி தராசுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "என்ன சீம், இந்த வயசுல பள்ளிக்கூடம் போறாப்ல இருக்கு? டீச்சர் அடிக்கறாங்களா?" என்று கேட்டான். பீட்ரூட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சின்னப் புத்திக்காரர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. இரண்டு வார்த்தை மட்டும் சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது.

கிழங்கைப் பிரிக்கும் வழி இது. மூக்கு, அதாவது முளை வரும் நுனி, இரட்டையாகத் தெரிவது பெரும்பாலும் நார்சிஸ். ஒரே மூக்கும், பழுப்பு நிறப் பட்டுத் தோலும், ஒரு பக்கம் தட்டையுமாக இருந்தால் துலிப். நானே கண்டுபிடித்தது. அலீடா அம்மாவும் ஒத்துக்கொண்டார்.

நாள் விஷயத்தில் இன்னும் சில தகவல் வேண்டும். பாத்திக்குப் பின்னால் சுவர் உண்டா? வெயில் எந்தப் பக்கம் விழும்? அகழெலி உண்டா? இதெல்லாம் தெரியாமல் ஒரு பெரிய மனுஷியிடம் போய் நின்றால் நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்? விவரமாக எழுது. ஒவ்வொன்றாக எழுதினாலும் சரிதான், அவசரமில்லை.

சீம் மாமா


மாரிபோ
நவம்பர் 12, 1978
(அஞ்சலட்டை)

மாமாவுக்கு வணக்கம். சுவர் இல்லை. வெயில் தெற்கே. அகழெலி இல்லை. பக்கத்து வீடுகளில் எல்லாம் நட்டு முடித்து, மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டார்கள். எல்லெகோர் அம்மா தினமும் பாத்தியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். எப்போது மாமா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெஸ்டர்.


ஹில்லெகோம்
டிசம்பர் 7, 1978

அன்பு மருமகளுக்கு,

உன் அஞ்சலட்டை வந்து சேர்ந்தது. படம் நன்றாக இருக்கிறது, அது என்ன, தேவாலயமா? பதில் தாமதமானதற்கு நீ கோபப்படமாட்டாய். இங்கே வேலை தலைக்கு மேல். அலீடாவின் கொட்டகைக் கூரையில் தகரம் தூக்கிக்கொண்டது. நான்தான் ஏறி அடித்தேன். அந்தக் காற்றில் வேறு எவனாவது ஏறியிருந்தால் நேரே இங்கிலாந்தில் போய் இறங்கியிருப்பான்.

சின்ட் நிக்கோலாஸ் பண்டிகையன்று சாயங்காலம் பரிசு பிரிக்க அலீடா என்னையும் கூப்பிட்டார். அவர் தங்கை, தங்கை பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். எனக்கும் ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே என் பெயரின் முதலெழுத்தான S வடிவத்தில் சாக்லேட், கூடவே வழக்கம்போலப் பெயர் போடாத கேலிப் பாட்டு. ஒரு மனுஷன் செவ்வாய் தவறாமல் ஒரு சந்தேகத்தோடு வருகிறானாம். பதிலைக் கேட்கிறானாம். பிறகு பதிலை மறந்துவிட்டு, தொப்பியையும் மறந்துவிட்டுப் போகிறானாம். தொப்பியை எடுக்கப் புதன்கிழமை வருவான் என்று பார்த்தால் வரவில்லையாம், மறு செவ்வாய்தான் வருகிறானாம். இதை என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அலீடா மட்டும் காபிக் கெண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் எழுதியிருப்பார்கள்? இடது கையால் கிறுக்கிய எழுத்து. தங்கையாகத்தான் இருக்கும். ஆனால் தங்கைக்கு என் தொப்பி எப்படித் தெரியும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றைக்குப் பிஸ்கட் டப்பாவை யாரும் மூடவே இல்லை. திறந்தபடியே மேஜை மேல் இருந்தது. அதுவும் ஏன் என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்ன விவரங்களை எல்லாம் வைத்து நன்றாக யோசித்துப் பார்த்ததில், இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அலீடா உன்னிடம் கேட்கச் சொன்னார்: அங்கே முயல் உண்டா? முயல் இருந்தால் கதையே வேறு. அது தெரிந்தவுடன் நாளைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை பொறு.

சீம் மாமா


மாரிபோ
டிசம்பர் 13, 1978

மதிப்பிற்குரிய திருமதி வான் டெர் ஃபோர்ட் அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. சீம் வார்மர்டாமின் தங்கை மகள் நான். உங்கள் முகவரி சரியாகத் தெரியாததால் 'மாமா வீட்டுக்குப் பின்னால் உள்ள வயல்' என்று உறையில் எழுதியிருக்கிறேன். ஹில்லெகோம் தபால்காரர் பெரிய மனது பண்ண வேண்டும்.

என் கிழங்குகளைப் பற்றி நீங்கள் இவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்வதற்கு நன்றி. மண், சுவர், வெயில், அகழெலி என்று நீங்கள் மாமா மூலம் கேட்டனுப்பிய எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். இப்போது முயலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முயல் உண்டு, அம்மா. ஆனால் சாக்குகள் இன்னும் கொட்டகையிலேயே கிடக்கின்றன. சில கிழங்குகள் அங்கேயே முளை விட்டுவிட்டன. பூ வராவிட்டால் மே மாதம் எனக்கு வேலையும் இருக்காது, தங்க இடமும் இருக்காது. நேற்று நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் வந்து பாத்தியைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

நான் எதைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. எப்போது நட வேண்டும்?

வணக்கத்துடன்
ஹெஸ்டர்


ஹில்லெகோம்
டிசம்பர் 18, 1978

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. தபால்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

இன்றைக்கே நடுங்கள். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று கூடக் காத்திருக்க வேண்டாம். மேல்மண் உறைந்திருந்தால் கடப்பாரையால் உடையுங்கள், அடியில் இளகித்தான் இருக்கும். கிழங்கின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு ஆழம். முளை மேலே. மேலே தேவதாருக் கிளை போட்டு மூடுங்கள், முயலுக்கு அது போதும். பூ தாமதமாக வரும், காம்பு கட்டையாக இருக்கும். நார்சிஸில் பாதி இந்த வருஷம் பூக்காமலே போகலாம். துலிப் பிழைத்துக்கொள்ளும்.

நான் உங்களிடம் எதையும் கேட்டனுப்பவில்லை. உங்கள் மாமா முதல் நாள் வந்தபோதே சொல்லிவிட்டேன், நார்சிஸை உடனே நட வேண்டும், துலிப்பை நவம்பரில், குளிர்காலக் கோட்டை வெளியே எடுக்கிற வாரத்தில் நட வேண்டும் என்று. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஒரு செவ்வாய் வந்து, மண் களியாக இருந்தால் என்று கேட்டார். அப்போதும் அதையேதான் சொன்னேன். சுவருக்கும் வெயிலுக்கும் அகழெலிக்கும் கூட அதே பதில்தான். உங்களுக்கு எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதவில்லை என்பது உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. இரண்டு முறை படித்தேன்.

முயலைப் பற்றி அவர் என்னிடம் இன்னும் கேட்கவில்லை. நாளை செவ்வாய்க்கிழமை. கேட்பார் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தை அவரிடம் நான் காட்டப்போவதில்லை. நீங்களும் இதைச் சொல்ல வேண்டாம்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அலீடா வான் டெர் ஃபோர்ட்


ஹில்லெகோம்
பிப்ரவரி 20, 1979

அன்பு மருமகளுக்கு,

இந்தக் குளிரிலும் நீ நலமாக இருப்பது தெரிந்து சந்தோஷம். உன் ஜனவரிக் கடிதம் பனியில் எங்கோ மாட்டி இப்போதுதான் வந்தது. உங்கள் ஊர் இருக்கிற தீவே பனிக்குள் புதைந்து, ராணுவம் வந்து ரொட்டி கொடுத்ததாக எழுதியிருக்கிறாய். இங்கேயும் பனிதான். கதவைத் திறந்தால் முன்னால் ஒரு வெள்ளைச் சுவர். நான் ஒரு கரண்டியால் சுரங்கம் வெட்டித்தான் தெருவுக்கு வந்தேன்.

நான் நாள் சொல்வதற்கு முன்பே, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, எல்லாவற்றையும் நட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் வருத்தம்தான், மறைக்கமாட்டேன். முயலைப் பற்றி அப்போதுதான் அலீடாவிடம் விலாவாரியாகக் கேட்டு வந்திருந்தேன். சரி, போகட்டும். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் பின்பக்கத்தில் நீ எழுதியிருந்ததைப் பார்த்தேன். 'இப்படி மேலே பனி மூடிக் கிடப்பது கிழங்குக்கு நல்லதா கெட்டதா? அலீடா அம்மாவிடம் நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள், அவசரமே இல்லை, நிதானமாகக் கேளுங்கள்.' நல்ல கேள்வி. கெட்டிக்காரத்தனமான கேள்வி. மார்ச்சில் உரம் போடுவதா, ஏப்ரலில் களை எடுப்பதா என்று நீ கடைசியில் வரிசையாகக் குறித்திருப்பவையும் நல்ல கேள்விகள்தான். ஒவ்வொரு வாரம் ஒன்றாகக் கேட்கிறேன்.

பாதை மூடிக் கிடந்ததால் உறைந்துபோன கால்வாய் வழியாகச் சறுக்கிக்கொண்டு போனேன். என் வயதில் அந்த வேகத்தில் யாரும் போயிருக்கமாட்டார்கள். பாலத்தின் மேல் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அலீடா வீட்டுத் துறையில் நிறுத்தத்தான் கொஞ்சம் இடம் போதவில்லை. அவர் ஓடி வந்து தூக்கிவிட்டு, நெற்றியில் துணி கட்டினார். "இந்தப் பனியில வராட்டித்தான் என்ன? கேள்வி எங்கயும் ஓடிப் போயிடாதே" என்று திட்டினார். திட்டிக்கொண்டே இரண்டு தடவை கட்டை அவிழ்த்துச் சரியாகக் கட்டினார்.

பனி நல்லதாம். போர்வை மாதிரியாம். எனக்குத் தெரிந்ததுதான்.

ஒன்று மட்டும் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நீயாகவே நட்டுவிட்டாய் என்று நான் சொன்னதும் அலீடா சிரித்தார். "நல்ல பொண்ணு" என்றார். நீங்கள் இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லையே, நல்ல பெண் என்று எப்படித் தெரியும்?

சீம் மாமா


மாரிபோ
மே 26, 1979

அன்புள்ள மாமாவுக்கு,

நெற்றிக் காயம் தழும்பில்லாமல் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். இந்த முறை நிஜமாகவே நலம்.

மே முதல் வாரத்தில் நிர்வாகக் குழு வந்தது. பாத்தியில் பச்சை இலை மட்டும்தான் இருந்தது. ஒரு பூ இல்லை. பக்கத்து வீட்டில் மஞ்சளும் சிவப்புமாக நின்றுகொண்டிருந்தது. அவர்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். எல்லெகோர் அம்மா என்னைக் கதவோரம் நிற்கச் சொன்னார். என்னால் யாரையும் பார்க்க முடியவில்லை. பெட்டியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன், அதன் பூட்டு சரியாக இல்லை.

அப்போது ஸ்கோவ் வந்தார். அவருக்குப் பின்னால் முன்பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும், நடைவண்டி தள்ளிக்கொண்டு சிலர், ரொம்ப நாளாகக் கட்டிலை விட்டு எழுந்திருக்காத ஒரு பாட்டி கூட. ஸ்கோவ் குழுத் தலைவரிடம் சொன்னார்:

"இந்தப் பொண்ண அனுப்பிட்டா நாங்க எதப் பாக்கறது? செப்டம்பர்லேர்ந்து பாத்துட்டு வர்றோம். நட்டா. தோண்டினா. கிறிஸ்துமஸுக்குக் கடப்பாரையோட வந்தா. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லிட்டிருக்கோம். இன்னும் பூவே வரல, அதுக்குள்ள நீங்க எப்படி முடிச்சு வைக்கலாம்?"

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூ வந்த பிறகு மறுபடி கூடுவது என்று எழுதிக்கொண்டு போனார்கள். போன வாரம் பூ வந்தது. வரிசையில்லாமல், கட்டைக் காம்போடு, துலிப்புக்கு நடுவே நார்சிஸும் நார்சிஸுக்கு நடுவே வெறும் இலையுமாக. அழகு என்று சொல்ல முடியாது. பார்க்க எல்லோரும் வெளியே வந்தார்கள். நேற்று வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். அறையும் என்னுடையதுதான். அம்மாவுக்குப் போன் செய்தேன். "அங்க கம்பளி போர்வை குடுத்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

மாமா, எனக்கு இப்போது கேட்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. எவ்வளவு யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. இதை அலீடா அம்மாவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்
ஹெஸ்டர்


ஹில்லெகோம்
ஜூன் 6, 1979

அன்பு மருமகள் ஹெஸ்டருக்கு,

உன் கடிதத்தைச் சந்து முழுவதும் படித்துக் காட்டினேன். ஆரி உனக்காகத் தராசில் வைக்காமலே எனக்கு ஒரு காலிஃபிளவர் கொடுத்தான். நான் நலம். நலம் என்றுதான் நினைக்கிறேன். நேற்றிலிருந்து கொஞ்சம் தெளிவாக இல்லை.

முதலில் ஒன்று. எல்லோருடைய பூவும் உதிர்ந்த பிறகு உன் பூ மட்டும் நின்றதே, அது எப்படி என்று யோசித்தாயா? இதற்காகத்தான் உன்னை டிசம்பர் வரை பிடித்து வைத்தேன். எல்லாம் கணக்கு. இதை உன் எல்லெகோர் அம்மாவிடமும் சொல்லலாம், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை. கிளம்பும்போது கையில் ஒரு கேள்வியும் இல்லை. வரப்பில் நடந்துகொண்டே நாலைந்து தயார் பண்ணினேன். டென்மார்க்கில் நத்தை உண்டா, அப்படியெல்லாம். பின்வாசலுக்கு வந்ததும் ஒன்று கூட நினைவில் இல்லை. அலீடா முற்றத்தில் கிழங்குப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்:

"இன்னிக்கு என்ன சந்தேகம்?"

"ஒண்ணுமில்ல. அவளுக்கு வேல கெடச்சிடுச்சு. இனிமே அவ எதையும் கேக்கமாட்டாளாம்."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

மருமகளே, நான் பேச்சுக்குத் திணறுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் அங்கே நின்றேன், அவ்வளவுதான். குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பொய்யாவது வரும் என்று காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. "உங்களப் பாக்கத்தான்" என்று சொன்னேன். மெதுவாகச் சொன்னதால் அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

அவர் குழாயை மூடினார். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு" என்றார். "செவ்வாக்கிழம மட்டும்தான் வருவீங்களா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நேற்றிரவெல்லாம் அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்ன அர்த்தத்தில் கேட்டார்? ஒருவேளை செவ்வாய்க்கிழமை அவருக்கு அசௌகரியமோ? நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன்னிடம் கேட்டிருப்பேன். உனக்கு எழுதிப் பதில் வருவதற்குப் பத்து நாள் ஆகும், அவ்வளவு நாள் என்னால் முடியாது.

இன்று புதன்கிழமை. முகம் மழித்து, சுத்தமான சட்டை போட்டாகிவிட்டது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்புகிறேன். பெட்டி தெருக்கோடியில் இருக்கிறது, நான் வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

உன் தாய்மாமன்
சீம்